அக்காவின் கையும் ஆரஞ்சு மாத்திரையும்

1

இந்த நாட்டில் பிறந்தநாளோ, வேலையில் சேர்ந்த நாளோ வந்தால் கேக்கை நாமேதான் சுமந்துகொண்டு போக வேண்டும். பிறர் வாங்கித் தரமாட்டார்கள். வந்த புதிதில் இது தெரியாமல், என் பிறந்தநாளன்று காலை முதல் சாயங்காலம் வரை எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருத்தி, "இன்றைக்கு உனக்கு ஏதோ விசேஷம் என்று கேள்விப்பட்டேனே" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஜெர்மனியில் இந்தத் தசை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து பத்து வருடம் ஆன அன்று, இந்தப் பாடம் நினைவிருந்ததால், விடிகாலையில் எழுந்து ரவா கேசரி கிண்டி எடுத்துப் போனேன். கிண்டும்போதே மனம் உறுத்தியது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், லெந்து நாட்கள் நடந்துகொண்டிருந்தன. எங்கள் சபையில் அந்த நாற்பது நாளும் கல்யாணம் கிடையாது, பெண்கள் தலையில் பூ கிடையாது, பல வீடுகளில் கறியும் இனிப்பும் அடுப்பேறாது. நானோ முந்திரியை நெய்யில் வறுத்துக்கொண்டிருந்தேன். பத்து வருடத்தில் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகிறது, நாமும் சாக்குச் சொல்லப் பழகிவிடுகிறோம்.

கேசரி தீர்ந்ததும் டீ போட்டார்கள். நான் ஏலப்பாறைக்காரி, டீயைப் பற்றிப் பேசாமல் இருக்க என்னால் முடியாது. இங்கே குழாய்த் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. எந்த நல்ல தூளைப் போட்டாலும் கோப்பையின் மேலே பழுப்பாக ஓர் ஆடை படியும். தண்ணீரில் இருக்கும் கால்சியத்தின் வேலை அது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகத் தட்டியிருக்கும். மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றிச் சுரண்டுவது ஆய்வுக்கூடத்தில் என் பொறுப்பு. தேயிலைக்காட்டிலிருந்து வந்தவளுக்கு டீ சம்பந்தமாக இவர்கள் கொடுத்த ஒரே மரியாதை அதுதான்.

அந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது போனில் படம் வந்தது. ஒரு கையின் படம்.

என் அக்கா சலோமியின் வலது கை. அவள் ஏலப்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு ஊர் என்று இருப்பது அவள் ஒருத்திதான். படத்தில் அந்தக் கை மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் நேராக நீண்டு ஒன்றோடொன்று ஒட்டி, கட்டைவிரல் உள்ளே வந்து அவற்றைத் தொட்டபடி நின்றது. கொழுந்தைக் கிள்ளும் கை அப்படித்தான் இருக்கும். ஆனால் அங்கே செடியும் இல்லை, கொழுந்தும் இல்லை.

படத்தோடு அத்தானின் குரலும் வந்தது. அக்காவின் புருஷன் தாசன், எஸ்டேட் பாக்டரியில் வேலை. ஊரே இடிந்து விழுந்தாலும் குரலை உயர்த்தாதவர்.

"ஜெபா, டிஸ்பென்சரில பிரஷர் பாக்க பட்டையச் சுத்திக் காத்தடிச்சாவ. கை இப்படி நின்னுக்கிச்சு. நர்சு சேச்சி பயந்துட்டா. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கையி அந்தப் பழக்கத்துக்கே போயிட்டுன்னு இங்க எல்லாரும் சொல்லுதாவ. நீ ஒண்ணும் பயப்படாத."

பயப்படாதே என்று எஸ்டேட்டிலிருந்து செய்தி வந்தால் பயப்பட வேண்டும் என்று அர்த்தம். டீயை அப்படியே வைத்துவிட்டு நடைவழிக்குப் போனேன்.

2

நடைவழியில் நான் நடக்கட்டும். அதற்குள் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று என் தலைக்குள் நடந்தது உங்களுக்குப் புரியாது.

முயலின் தசையிலிருந்து தலைமுடி அளவுக்கு ஒற்றை இழையைப் பிரித்தெடுப்பேன். அதன் இரு முனையையும் இரண்டு கொக்கிகளில் மாட்டுவேன். ஒரு கொக்கி அசையாது, மற்றது இழை எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கும். கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கரைசல். இழையை ஒரு குழியிலிருந்து எடுத்து அடுத்த குழியில் முக்குவதுதான் என் பிழைப்பு.

முதல் குழியில் மெக்னீசியம் இருக்கும், தசைக்குச் சக்தி கொடுக்கும் ஏ.டி.பி. இருக்கும், கால்சியம் இருக்காது. அதில் இழை சும்மா தொய்ந்து கிடக்கும். அடுத்த குழியில் துளியிலும் துளி கால்சியம். அதில் இறங்கியதும் இழை இறுகும், திரையில் கோடு மேலே ஏறும். தசைக்குள் ஆக்டின், மையோசின் என்று இரண்டு புரதங்கள் இழை இழையாக அடுக்கியிருக்கின்றன. மையோசினுக்கு எப்போதும் ஆக்டினைப் பிடித்து இழுக்கும் ஆசைதான். நடுவே ட்ரோபோனின் என்ற காவல் புரதம் தடுத்துக்கொண்டிருக்கிறது. கால்சியம் வந்து அந்தக் காவலின் மேல் உட்கார்ந்தால் வழி விலகும். மையோசின் பிடித்து இழுக்கும். தசை சுருங்கும்.

கால்சியத்தின் இடத்தில் ஸ்ட்ரான்ஷியத்தை வைத்தாலும் இழை சுருங்கும். ஆனால் கூடுதலாக ஊற்ற வேண்டும். மெக்னீசியத்தை ஏற்றினால் அது கால்சியத்துக்குப் போட்டியாக நின்று பிடியைக் குறைத்துவிடும். எந்த உலோகம் எவ்வளவு இறுக்குகிறது, எவ்வளவு சீக்கிரம் விடுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் கூடத்தின் வேலை. நாங்கள் அளந்து ஊற்றாத கால்சியம்தான் எதிரி, ஏனென்றால் அது எங்கும் இருக்கிறது. கண்ணாடிக் குப்பியிலிருந்துகூடக் கசிந்து வரும், அதனால் எல்லாமே பிளாஸ்டிக்கில்தான். பகலெல்லாம் கால்சியத்தை விரட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் அதே கால்சியத்தில் டீ போட்டுக் குடிக்கிறேன்.

இதில் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கும் ஒன்று உண்டு. பிடிப்பதற்குச் சக்தி வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். விடுவதற்கும் வேண்டும். கால்சியத்தை அகற்றினால் மட்டும் போதாது, புதிதாக ஓர் ஏ.டி.பி., மெக்னீசியத்தையும் கூட்டிக்கொண்டு, வந்து உட்கார்ந்தால்தான் மையோசின் பிடியை விடும். அது இல்லாமல் போனால் பிடித்தது பிடித்தபடி விறைத்துவிடும். செத்த உடம்பு விறைப்பது அதனால்தான். இதை அக்காவிடம் ஒருமுறை போனில் சொன்னேன். அவள் திருப்பிக் கேட்டாள்:

"சக்தி இல்லாமத்தான் வெறைக்கிதா? நான் பிடிவாதம்லா காரணம்னு நெனச்சேன்."

அவள் பேச்சு அப்படி. நான் ஆராய்ச்சி செய்கிறேன் என்று அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். "முயலுக்கு வைத்தியம் பாக்கா" என்றுதான் சொல்லுவாள்.

3

போன் போட்டேன். அத்தான் எடுத்தார். டிஸ்பென்சரியிலிருந்து, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் அக்காவின் கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டையைக் கழற்றியதும் விரிந்த கை, வீட்டுக்கு வந்த பிறகு தானாகவே மறுபடி மடங்கியிருந்தது. இந்தமுறை இரண்டு கையும்.

"அக்காட்ட குடுங்க."

திரையில் அவள் முகம் வந்தது. சிரிக்கப் பார்த்தாள், வாய் ஒழுங்காக ஒத்துழைக்கவில்லை.

"என்னட்டி, கேசரி கிண்டினியாம்லா. உன் மக படம் அனுப்பிருந்தா."

"அத விடு. வாயச் சுத்தி என்ன செய்யுது?"

"எறும்பு ஊருத மாதிரி இருக்கு. நேத்தையில இருந்தே."

"வெரலு நுனில?"

"அங்கனயுந்தான். உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரிந்த காரணம் அவள் கழுத்திலேயே இருந்தது. போன வருடம் கோட்டயத்தில் தைராய்டுக் கட்டியை எடுத்தார்கள். அந்தச் சுரப்பிக்குப் பின்னால் அரிசி போலச் சின்னச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவைதான். கட்டியை எடுக்கும்போது சிலருக்கு அவையும் செயலிழந்துவிடும். அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. அதன் பிறகு காலையும் மாலையும் கால்சியம் மாத்திரை, உயிர் உள்ளவரை. நிறுத்தினால் கை மடங்குவதோடு நிற்காது. வலிப்பு வரலாம், தொண்டைத் தசை இறுகி மூச்சு அடைக்கலாம்.

"மாத்திரை ஒழுங்காத் தின்னுதியா?" என்றேன்.

அவள் பதில் சொல்லாமல் எண்ணெய் தேய்க்கும் பெண்களைப் பார்த்தாள். என் அக்கா பொய் சொல்லமாட்டாள், அதிலும் லெந்து நாளில் சாகச் சொன்னாலும் சொல்லமாட்டாள். அதனால் பேசாமல் இருந்துவிடுவாள். 

"அத்தான், எண்ணெய எல்லாம் நிறுத்தச் சொல்லுங்க. உடனே கட்டப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. கால்சியம் ஊசி போடணும். இது கொழுந்து கிள்ளுன வலி இல்ல."

அத்தான் அசையவில்லை. மனிதர் எதையும் விளங்கிக்கொள்ளாமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார்.

"இரு. கால்சியம் தசைய இறுக்கும்னு நீதான சொல்லுவ. ஏற்கெனவே இறுகிப்போன கைக்கு இறுக்குத மருந்த எதுக்குப் போடச் சொல்லுத?"

சரியான கேள்வி. எனக்குத்தான் அதற்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை. நடைவழியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே சொன்னேன்.

"தசைக்குள்ள இருக்குத கால்சியம் வேற, ரத்தத்துல ஓடுத கால்சியம் வேற அத்தான். தசை தனக்கு வேணுங்கிறத உள்ளயே பை கட்டி வச்சிருக்கு. சுருங்கும்போது தொறந்து விடும், விடும்போது திருப்பி வாரி வச்சுக்கும். ரத்தத்துல இருக்குதது நரம்ப அடக்கி வைக்கும். அது கொறஞ்சா நரம்புக்குக் கட்டுப்பாடு இல்லாமப் போயிரும். சும்மா சும்மா சுருங்கு சுருங்குன்னு தசைக்கு உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கும். தசை என்ன செய்யும், சொன்னதச் செய்யுது."

"அப்ப மருந்து நரம்புக்கு."

"ஆமா."

"அத மொதல்லயே சொல்லிருந்தா இந்நேரம் ஜீப்பு கெளம்பிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

4

பிறகு நான் திரும்பிப் போய் வேலையைப் பார்க்க முயன்றேன். இழையைக் கொக்கியில் மாட்டும்போது அறுத்துவிட்டேன். இன்னொன்றை எடுத்தேன், அதுவும் போயிற்று. எங்கள் தலைமை ஆய்வாளர் எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அக்காவுக்குக் கை இழுத்துக்கொண்டது என்று சொல்ல நினைத்தேன். பத்து வருடம் பேசிய மொழி அந்த நேரத்தில் கைவிட்டது. "என் அக்கா சுருங்கிவிட்டாள்" என்று சொல்லிவிட்டேன். அவர் மிகுந்த அனுதாபத்தோடு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். என்ன புரிந்துகொண்டாரோ.

டிராமில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே பையைத் திறந்து, வெளிநாட்டவர் அலுவலகம் கொடுத்திருந்த சீட்டைப் பார்த்தேன். நான் போகலாமா, போனால் திரும்பி வரலாமா என்பதெல்லாம் அதில்தான் இருந்தது.

அந்தக் கதை இது. நிரந்தரமாகத் தங்கும் அட்டைக்கு நான் விண்ணப்பித்து மாதக் கணக்காகிவிட்டது. பழைய அட்டையின் காலம் முடிந்துவிட்டதால், மூன்றாக மடித்த ஒரு தற்காலிகச் சீட்டைக் கொடுத்திருந்தார்கள். பஞ்சாயத்திலிருந்து புதிதாகப் பிறப்புச் சான்றிதழ் வாங்கி வா என்றார்கள், வாங்கினேன். உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் ஜெர்மனில் பெயர்த்து வா என்றார்கள், பெயர்த்தேன். இங்கே எல்லாருக்கும் குடும்பப்பெயர் வேண்டும், எனக்கு இருப்பது அப்பா பெயர். ஆகவே அலுவலகத்திலிருந்து வரும் ஒவ்வொரு கடிதமும் "மதிப்புக்குரிய திருமதி சாமுவேல்" என்று தொடங்குகிறது. அப்பா உயிரோடிருந்தால் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பார்.

இந்தச் சீட்டோடு ஊருக்குப் போய் வரலாமா என்று முன்பே ஒருமுறை கேட்டிருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள்தான். "போவதை யாரும் தடுக்கமாட்டார்கள்" என்றாள். வருவதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அதையும் கேட்டபோது, "அதற்கு என்னால் உறுதி சொல்ல முடியாது, திருமதி சாமுவேல்" என்றாள்.

அக்கா வாரம் தவறாமல் கேட்பாள், "அந்தக் கார்டு வந்திச்சா?" என்று. எங்கள் சபையில் அதற்காக ஜெபம் பண்ணுவதாகவும் சொல்வாள். மலை முழுக்க என் அட்டைக்காக மண்டியிடுகிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வீட்டில் ரூத் இருந்தாள். என் மகள், பதினைந்து வயது. தமிழ் பேசுவாள், ஆனால் சாப்பாடு, குளியல், திட்டு ஆகிய மூன்றுக்கும் வெளியே அவள் தமிழ் வராது. பெரியம்மாவுக்குக் கை இழுத்துக்கிச்சு என்று சொன்னேன்.

"யாரு இழுத்தா?" என்றாள்.

விளக்கினேன். மாத்திரையை ஏன் நிறுத்தினாள் என்றுதான் தெரியவில்லை என்றேன். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அவ லெந்துக்கு விட்டுட்டா. அது மிட்டாய்."

"அவங்கன்னு சொல்லு. என்ன மிட்டாய்?"

"மாத்திரை. ஆரஞ்சு. அவங்க சொன்னாங்க."

இவர்கள் இரண்டு பேரும் குரல் பதிவு அனுப்பிக்கொள்வது எனக்குத் தெரியும். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. ரூத்தின் வகுப்பில் இந்த நாட்களில் ஆளுக்கு ஒன்றை விடுவார்கள், ஒருத்தி சாக்லேட்டை, ஒருத்தன் வீடியோ விளையாட்டை. இவள் சூயிங்கத்தை விட்டிருந்தாள். நீ என்ன விட்டாய் என்று பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள்.

"நான் இந்தத் தடவ இனிப்பு தொடமாட்டேன்னு பொருத்தன பண்ணிருக்கேன் மக்கா. சீனி இல்லாமத்தான் டீ. சவச்சுத் தின்னுத ஆரஞ்சு மாத்திர ஒண்ணு உண்டு, அதுவும் மிட்டாய் மாதிரித்தான இருக்கு. அதையும் விட்டுட்டேன். ஆண்டவருக்குக் குடுத்த வாக்குல ஓட்ட இருக்கக் கூடாது பாத்துக்க."

பொருத்தனை என்றால் நேர்ந்துகொள்வது. எங்கள் பக்கத்தில் அது விளையாட்டல்ல. ஆனால் கால்சியம் மாத்திரையை இனிப்புக் கணக்கில் சேர்த்து நேர்ந்துகொள்ள என் அக்காவால்தான் முடியும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?" என்று ரூத்திடம் கத்தினேன்.

"நீ கேக்கல" என்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. "அது மருந்துன்னு எனக்குத் தெரியாது, அம்மா. நான் நல்லாயிருக்குன்னு சொன்னேன்." பிறகு ஜெர்மனில் கேட்டாள், பெரியம்மா செத்துப்போவாளா என்று. அவளைக் கட்டிக்கொண்டேன். நிரம்ப நாளாயிற்று அப்படிக் கட்டிக்கொண்டு.

அத்தானுக்குப் போட்டால் வளைவுகளில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. நான் அழுகிறேனா பேசுகிறேனா என்று அவருக்குப் புரியவில்லை. அதற்குள் என் கணவர் வந்து போனை வாங்கிக்கொண்டார். அவர் முதலமடைக்காரர், மாந்தோப்புக் குடும்பம், பேச்சு அப்படியே கோயமுத்தூர்ப் பக்கம்.

"ஏனுங்கண்ணா, கேக்குதுங்களா? டாக்டருகிட்ட மொதல்ல மாத்திரைய நிறுத்திப்போட்டாங்கன்னு சொல்லீருங்க. லெந்து ஆரம்பிச்சதுல இருந்துங்க. கழுத்து ஆபரேசன் பண்ணுன சீட்டு கையில இருக்குதுங்களா? செரிங்க. அத நீட்டுனாப் போதுமுங்க."

பிறகு என்னிடம், "செரி, நீ உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. சன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் கண்முன்னே அவள் தொண்டை இறுகுவதுதான் வந்துகொண்டிருந்தது. கட்டப்பனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், கால்சியம் அடிமட்டத்தில் கிடந்தது. சட்டென்று ஏற்றினால் இதயத்தைப் பாதிக்கும் என்பதால், இதயத்துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய் வழியாக மெதுவாக ஏற்றினார்கள்.

சாயங்காலம் அத்தானின் குரல் வந்தது, அதே உயராத குரல்.

"ஜெபா, கை விரிஞ்சிட்டு. வெரல ஒவ்வொண்ணா ஆட்டிப் பாக்கா. ரூத்துட்டச் சொல்லு."

பத்து வருடமாகக் கால்சியம் பட்டால் இறுகுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அது பட்டு ஒரு கை விரிந்தது என்று கேட்டபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

5

கதை அங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

சில நாளில் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து லயத்துக்குத் திரும்பினாள். டாக்டர் முழுங்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார், இனிப்பில்லாதது. ஆனால் அது பெரியது, ஆபரேஷனான கழுத்தில் அடைத்துக்கொண்டது. பொடித்துக் கொடுத்தால் குமட்டி வெளியே வந்தது. கோட்டயத்தில் சவைக்கும் மாத்திரை கொடுத்ததே இதனால்தான். ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருந்தது. ஆரஞ்சு மாத்திரையை நீட்டினால் அவள் பழையபடி வாயை மூடிக்கொண்டாள். அத்தான் எனக்குப் போன் செய்தார்.

"நீதான் பேசணும். எங்க யாரு பேச்சையும் கேக்கமாட்டங்கா. உன் கார்டுக்காக வச்ச பொருத்தனையாம். மறுபடி வாயச் சுத்தி எறும்பு ஊருதுங்கா."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவளை வீடியோவில் கூப்பிட்டேன். லயத்துச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சு மாத்திரை அட்டை பக்கத்தில் கிடந்தது, அத்தான் வைத்துவிட்டுப் போனது.

"அது மருந்து அக்கா. மிட்டாய் இல்ல."

"தின்னா இனிக்கில்லா."

"பாஸ்டர் என்ன சொன்னாரு?"

"தின்னலாம்னுதான் சொன்னாரு. நான் பொருத்தனைய அவர்ட்டயா பண்ணேன்?"

"உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் அந்தக் கார்ட வச்சு என்ன செய்ய? எனக்கு அது வேண்டாம். அப்ளிகேஷனக் கிழிச்சுப் போட்டுட்டு நான் வந்துருதேன். நீ தின்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எண்ணெய் வைக்காத தலை, வெளுத்த உதடு. கண் மட்டும் சட்டென்று உயிர் வந்ததுபோல் ஆனது.

"வந்துருவியா?"

 கோபத்தில் சொன்ன வார்த்தை, அவள் அதை நிஜமாக எடுத்துக்கொண்டாள். ரூத்துக்குப் பரீட்சை வருகிறது என்றேன். அவருக்கு வேலை நிரந்தரமாகப் போகிறது என்றேன். கோடைக்குப் பார்க்கலாம் என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணின் குரல் போலக் கேட்டது.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள், லேசாக மடங்கத் தொடங்கியிருந்தன.

"ஜெபா, ஒண்ணு சொன்னா கோவப்படாத. நான் அது கெடைக்கணும்னு பொருத்தன பண்ணல ட்டி."

"பின்ன?"

"கெடைக்கக் கூடாதுன்னு பண்ணேன்."

 கெட்டில் பின்னால் கொதித்துத் தானாக அணைந்தது.

"சபையில அத்தன பேரும் உனக்குக் கெடைக்கணும்னு ஜெபம் பண்ணாவ. நானும் அவங்களோட ஆமென்னு சொன்னேன். வீட்டுக்கு வந்து தனியா இருந்து மாத்திக் கேட்டேன். அந்தக் கார்டு வந்துட்டா நீ அங்கனயே இருந்துருவ. வரலைன்னா வந்துதான ஆகணும். இங்கன எனக்குன்னு யாரு இருக்கா, அவர விட்டா?" மடங்கிய விரல்களை நீவிவிட்டாள். "தப்புதான். கூடப் பொறந்தவளுக்கு விரோதமாக் கேட்டது தப்புதான்."

"அக்கா."

"நீ சும்மா இரு."

மாத்திரை அட்டையை எடுத்தாள். கட்டைவிரல் ஒத்துழைக்காமல், உள்ளங்கையால் அழுத்தி ஒரு மாத்திரையை வெளியே தள்ளினாள். வாயில் போட்டுக் கடித்தாள். ஆரஞ்சுத் தூள் உதட்டில் ஒட்டியது. சிறுபிள்ளைகள் கசப்பு மருந்து தின்னும்போது கண்ணை மூடுவதுபோல மூடிக்கொண்டு, முழுதும் சவைத்து விழுங்கினாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"தின்னுட்டேன். பொருத்தன போச்சு. போ, இனி உனக்குக் கெடச்சிரும்."

ஈஸ்டர் முடிந்த வாரம் அட்டை வந்தது. வழவழப்பாக இருக்கிறது, என் படம், அப்பாவின் பெயர். ரூத் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, பெரியம்மாவிடம் சொல்லியாச்சா என்று கேட்டாள். சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன், ஏன் என்று அவள் கேட்கவில்லை. இதை வாசிக்கும் ஏலப்பாறைக்காரர்கள் யாராவது இருந்தால் நீங்களும் சொல்லிவிட வேண்டாம்.

தினமும் கூப்பிடுகிறேன். "மாத்திரை தின்னியா?" என்று கேட்கிறேன். "தின்னேன்" என்கிறாள். "கார்டு வந்திச்சா?" என்று கேட்கிறாள்.

"இன்னும் வரல" என்கிறேன்.